கரப்பான் வண்டி

கரப்பானின் மீசை மட்டும்தான் கையோடு வந்தது.

மாஸ்டர் அதை விரலிடுக்கில் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். கறுப்பாக, ஒரு சாண் நீளத்துக்குச் சுருண்டு தொங்கியது. மீதிக் கரப்பான், அதாவது தலை, உடம்பு, ஆறு கால், இன்னொரு மீசை எல்லாம், வண்டியின் பக்கவாட்டில் ஒய்யாரமாக உட்கார்ந்திருந்தது. விடிந்ததிலிருந்து நகம் தேயச் சுரண்டியதற்கு அவர் கண்ட பலன் இவ்வளவுதான்.

"ஏங்க, வந்துடுச்சா?" உள்ளேயிருந்து மனைவியின் குரல்.

"வந்துக்கிட்டே இருக்கு."

"எது வரைக்கும் வந்திருக்கு?"

"மீசை."

உள்ளே ஏதோ ஒரு பாத்திரம் கொஞ்சம் பலமாகவே கீழே வைக்கப்பட்டது.

மாஸ்டர் என்றதும் பள்ளிக்கூட மாஸ்டர் என்று நினைத்துவிடாதீர்கள். கேக் மாஸ்டர். சொந்தமாக ஒரு பேக்கரி வைத்து, பன், ரொட்டி, பிறந்தநாள் கேக் என்று தன் கையாலேயே போட்டு விற்கிறவர். க்ரீமில் ரோஜாப்பூ வைத்தால், வாசம் வருகிறதா என்று குனிந்து முகர்ந்து பார்த்து மூக்கில் க்ரீமோடு போனவர்கள் உண்டு. அப்படிப்பட்ட கைக்கு வந்த சோதனைதான் இந்தக் கரப்பான்.

போன மாதம் ஒரு பழைய வேன் வாங்கினார். வெளியூர் ஆர்டருக்குக் கேக் கொண்டுபோகலாம், மழை வந்தால் நனையாது, ஸ்கூட்டரில் மடியில் கேக்கை வைத்துக்கொண்டு மனைவி படுகிற பாடும் தீரும் என்று கணக்கு. வண்டி நல்ல வண்டிதான். ஆனால் அதை முன்னால் வைத்திருந்தது பூச்சி மருந்து அடிக்கிற ஒரு கம்பெனி. பக்கவாட்டில் கதவகலத்துக்கு ஒரு கரப்பான் ஸ்டிக்கர். அதற்கு மேலே கொட்டை எழுத்தில், 'ஒன்றையும் விடமாட்டோம்!'

"ஸ்டிக்கர்தானே சார், ரெண்டு நிமிஷத்துல உரிச்சிடலாம்" என்று விற்றவன் சொன்னான். ரெண்டு நிமிஷ வேலைதானே, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மாஸ்டர் விட்டார். நாளை வந்தது, அதற்கு அடுத்த நாளையும் வந்தது, வண்டி மட்டும் கடை வாசலில் தெருவுக்குக் கரப்பானைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றது. திருப்பி நிறுத்த இடமும் கிடையாது. கேக் வாங்க வருகிறவர்கள் வாசல்வரை வந்து, கரப்பானைப் பார்த்து, ஏதோ மறந்துபோனவர்கள் மாதிரி வந்த வழியே திரும்பினார்கள். வியாபாரம் படுத்தேவிட்டது. கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து மாஸ்டர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான், நேற்று சாயங்காலம், அந்தப் போன் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியின் கேன்டீன் மேற்பார்வையாளர் ஒரு அம்மா பேசினார்.

"நோயாளிங்களுக்கு தினமும் ரொட்டியும் பன்னும் வேணும். உங்க கடையைத்தான் சொல்லியிருக்கேன். நாளைக்கு மத்தியானம் வந்து ஒருதடவை பார்த்துட்டு கையெழுத்துப் போட்டுடலாம்."

"எங்க கடை உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"நான் தினமும் அந்த வழியாத்தான் பஸ்ல வேலைக்குப் போறேன். பார்த்துக்கிட்டுதானே இருக்கேன்."

போனை வைத்ததும் மாஸ்டர் மார்பை நிமிர்த்திக்கொண்டார். "பார்த்தியா? நம்ம பன் வாசம் பஸ்ஸுக்குள்ளேயே போயிருக்கு!"

"வாசம் போனது சரி. நாளைக்கு அவங்க வந்து இறங்குறப்போ வாசல்ல என்ன நிக்கும்?" என்றாள் மனைவி.

நிமிர்த்திய மார்பு பழையபடி உள்ளே போயிற்று. இந்த ஆர்டர் கிடைத்தால் கடை பிழைத்தது. இல்லாவிட்டால் இழுத்துப் பூட்டிவிட்டு, பழையபடி அண்ணனின் செருப்புக் கடையில் போய் ஊரார் காலைப் பிடித்து அளவு பார்க்கவேண்டியதுதான். "எத்தனை நாளைக்குத் தாங்குதுன்னு பார்க்கிறேன்" என்று அண்ணன், இந்தப் பேக்கரியைத் திறந்த அன்றைக்கே, கேக்கைத் தின்றுகொண்டே, வாய் நிறையச் சொல்லியிருந்தார். அந்த வாய்க்கு மறுபடியும் வேலை கொடுக்க மாஸ்டருக்கு இஷ்டமில்லை.

ஆகவேதான் விடிந்ததும் மீசையில் கைவைத்தார்.

மீசை போனதும் கெட்டிலில் வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து ஊற்றினார். வெயிலில் காய்ந்து வறண்டுபோன ஸ்டிக்கர், வெந்நீரில் ஊறி முழுசாக வரும் என்று நினைத்தார். அது பொடிப்பொடியாக வந்தது. இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு. ஒரு கெட்டில் தண்ணீர் தீர்ந்தபோது கரப்பானின் உடம்பெல்லாம் ஓட்டையாகி, கால்கள் மட்டும் பத்திரமாக இருந்தன.

எதிர்க்கடைத் தையல்காரர் மெஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப்பார்த்தார். அவருக்கு வாசலைப் பார்த்த மெஷின். இந்தத் தெருவில் அவர் கண்ணுக்குத் தப்பி ஒன்றும் நடந்ததில்லை.

"இங்கேயிருந்து பார்த்தா எப்படிண்ணே இருக்கு?" என்று மாஸ்டர் கேட்டார்.

"நேத்து வரைக்கும் உயிரோட இருந்துச்சு. இப்போ செத்துடுச்சு. ஒருவகையில முன்னேற்றம்தான் மாஸ்டர்."

மாஸ்டர் சவரப் பிளேடைத் தேடி உள்ளே ஓடினார். மனைவி குறுக்கே நின்றாள்.

"பிளேடெல்லாம் வேண்டாம். பெயின்ட் கீறிடும். அப்புறம் கீறல் விழுந்த கரப்பானைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணும். என் தம்பியைக் கூப்பிட்டிருக்கேன், வந்துக்கிட்டிருக்கான்."

மாஸ்டருக்குக் கொஞ்சநஞ்சம் இருந்த நம்பிக்கையும் போயிற்று. மச்சினனுக்குச் செல்போன் ரிப்பேர் கடை. ரிப்பேர் வருகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் வீடியோ பார்ப்பான். கிணறு தோண்டுவது, பல் பிடுங்குவது, குதிரைக்கு லாடம் அடிப்பது எல்லாம் அவனுக்குத் தெரியும். எதையும் செய்துபார்த்தது கிடையாது.

வந்தவன் வண்டியை ஒரு சுற்று சுற்றினான். உதட்டைப் பிதுக்கினான். "சூடு காட்டணும் மாமா. தண்ணிச் சூடு இல்ல, காத்துச் சூடு. அக்கா, முடி காய வைக்கிற மெஷினைக் கொண்டா."

ஆச்சரியம் என்னவென்றால், அது வேலை செய்தது. மச்சினன் சூடுகாட்ட, மாஸ்டர் கேக்கின்மேல் க்ரீம் வழிக்கிற பிளாஸ்டிக் தகட்டை ஓரத்தில் கொடுத்து மெல்ல நெம்ப, ஸ்டிக்கர் தோல் உரிகிற மாதிரி இழைந்துகொண்டு வந்தது. மிச்சமிருந்த உடம்பு போயிற்று. கால்கள் போயின. கடைசியாகத் தலையும் போயிற்று. 'ஒன்றையும் விடமாட்டோம்!' எழுத்து எழுத்தாக உரிந்து குப்பைத்தொட்டிக்குள் விழுந்தது.

"மாப்ளே!" என்று மாஸ்டர் மச்சினனைக் கட்டிக்கொண்டார். கல்யாணம் ஆனதிலிருந்து அதுதான் முதல் தடவை.

ஸ்டிக்கர் போயிற்றே தவிர, பசை போகவில்லை. கரப்பான் இருந்த இடத்தில் கரப்பான் வடிவத்திலேயே பசை பிசுபிசுவென்று நின்றது. "அதுக்கும் வழி இருக்கு" என்று மச்சினன் அடுத்த வீடியோவைத் தேடினான். அதற்குள் மாவு பொங்கிவிட்டதென்று மனைவி கத்த, மாஸ்டர் உள்ளே ஓடி, மாவை அடித்துப் பிசைந்து மூடிவிட்டு, அதே வேகத்தில் வெளியே வந்து, பசை இன்னும் இருக்கிறதா என்று உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார்.

கை நிறைய மைதா. பசை அத்தனையையும் வாரிக்கொண்டது. கறை என்று பயந்து இடுப்பில் கட்டியிருந்த துணியால் துடைத்தார். அது இன்னும் மாவு.

நீல வண்டியில் ஒரு வெள்ளைக் கரப்பான் எழுந்தருளியது.

"இப்போ ரொம்ப நல்லாத் தெரியுது மாஸ்டர்!" என்றார் தையல்காரர். "என் கண்ணாடி இல்லாமலேயே தெரியுது."

"எண்ணெய்!" என்று மச்சினன் கையை உயர்த்தினான். "எண்ணெய் தடவி ஊறவிட்டா பசை தானா இளகிடுமாம். நீங்க நகருங்க மாமா, நான் பார்த்துக்கிறேன்." அடுப்படிக்குள் போனவன் ஒரு பாட்டிலோடு வந்தான். கெட்டியாக, பொன்னிறமாக இருந்தது. தலை முதல் கால்வரை தாராளமாகப் பூசினான். "இதை அப்படியே விட்டுட்டு ஒரு டீ குடிச்சிட்டு வந்தா முடிஞ்சது."

டீ குடித்தார்கள். இரண்டாவது டீயும் குடித்தார்கள். நிம்மதியாக இருக்கிறபோது டீ இறங்குவதே தனி.

"மாஸ்டர்" என்றது தையல்காரரின் குரல். வழக்கமான கிண்டல் அதில் இல்லை. "மாஸ்டர், அது நடக்குது."

ஓடிவந்து பார்த்தார்கள். உண்மைதான். கரப்பானின் உடம்பு நெளிந்துகொண்டிருந்தது. ஆறு காலும் அசைந்தன. கிட்டப்போய்ப் பார்த்தால் எறும்பு. தெருவில் இருந்த எறும்பெல்லாம் சக்கரத்தின் வழியாக ஏறிவந்து, வெளிக்கோடு ஒரு நூல்கூடத் தப்பாமல், கரப்பானுக்குள் அடைத்துக்கொண்டு நின்றன.

மனைவி பாட்டிலை எடுத்து மோந்துபார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

"டேய். இது பன்னு மேல தடவுற சர்க்கரைப் பாகுடா."

"பாட்டில் எண்ணெய் பாட்டில் மாதிரியே இருந்துச்சு அக்கா."

"எண்ணெய் பாட்டில்லதாண்டா பாகை ஊத்தி வச்சிருக்கேன்! ஒரு சொட்டு எடுத்து மோந்துபார்க்க மூக்கு இல்லையா?"

அதற்குமேல் அவள் ஆண்பிள்ளைகளை நம்பவில்லை. புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, ஒரு வாளி வெந்நீர், சோப்பு, நிஜமான எண்ணெய், பழைய துணி சகிதம் இறங்கினாள். முதலில் எறும்பு. அப்புறம் பாகு. அப்புறம் மாவு. எண்ணெயைத் தொட்டுத் தொட்டு வட்டமாகத் தேய்த்ததில் பசை பந்து பந்தாகத் திரண்டு வந்தது. சோப்புத் தண்ணீரால் கழுவிவிட்டு நிமிர்ந்தாள். கதவு வழுவழுவென்று இருந்தது. விரலை வைத்தால் வழுக்கியது.

"தெய்வமே!" என்றார் மாஸ்டர், மனைவியைப் பார்த்து. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பேரும் ஈரக் கதவு காய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கதவு காயக் காய, சிரிப்பும் காய்ந்தது.

விஷயம் இதுதான். பல வருஷ வெயிலில் வண்டியின் நீலம் வெளுத்துச் சாம்பல் பூத்துப்போயிருந்தது. ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த நீலத்தின்மேல் மட்டும் வெயிலே பட்டதில்லை. ஆகவே அது, வண்டி பிறந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி, பளபளவென்று கருநீலமாக இருந்தது. மீசை இரண்டும் திரும்ப வந்துவிட்டன. காலில் உள்ள முள்கூடத் தெரிந்தது. அதற்கு மேலே, துல்லியமாக, 'ஒன்றையும் விடமாட்டோம்!'

"பெயின்ட்லயே வரைஞ்ச மாதிரி இருக்கே மாஸ்டர்" என்றார் தையல்காரர். "யாரு வேலை? நல்ல வேலை."

மாஸ்டர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். செருப்புக் கடையின் வாசனை மூக்கில் அடித்தது. அண்ணன் கேக் தின்கிற சத்தம் காதில் கேட்டது.

"சோர்ந்து போகாதீங்க மாமா" என்ற மச்சினன், ஓடிப்போய்ப் பாலிஷ் வாங்கிவந்தான். வெளுத்த இடத்துக்குப் பாலிஷ் போட்டால் அதுவும் கருநீலத்துக்கு வந்துவிடும், இரண்டும் கலந்துவிடும் என்று வீடியோவில் ஒருவர் சொல்லியிருந்தாராம். சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கவேண்டும். ஆனால் நம் ஆள், மாமா மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்புவதற்குள், கரப்பானின் கோட்டுக்குள்ளேயே கவனமாகத் தேய்த்து முடித்துவிட்டான்.

இப்போது கரப்பானில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

"உன்னை யாருடா அதுக்குள்ளே தேய்க்கச் சொன்னது?"

"வெளியே போயிடக்கூடாதுன்னு ரொம்ப ஜாக்கிரதையா தேய்ச்சேன் மாமா."

மாஸ்டர் இன்னொரு தடவை மூக்கைச் சிந்தினார். பிறகு எழுந்தார். அவர் முகத்தில் ஒரு தீர்மானம் வந்திருந்தது. உள்ளே போய் க்ரீம் பையோடு திரும்பினார்.

"எல்லாரும் அவங்கவங்க வித்தையைக் காட்டியாச்சு. இனிமே நான் என் வித்தையைக் காட்டறேன்."

சும்மா சொல்லக்கூடாது, கை கைதான். கரப்பானின் உடம்பின்மேல் மூன்று அடுக்குக் கேக் எழும்பியது. கால்கள் இருந்த இடத்தில் மெழுகுவத்திகள் முளைத்தன. மீசைகள் இரண்டும் சுருண்ட ரிப்பன் ஆயின. நான்கு மூலையிலும் ரோஜா. 'ஒன்றையும் விடமாட்டோம்!' என்ற வாசகத்தை அவர் அழிக்கவில்லை. கேக்குக்கு மேலே இருக்கையில் அது வேறு அர்த்தத்தில் வெகு பொருத்தமாக இருந்தது.

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. மச்சினன் போட்டோ எடுத்தான். தையல்காரர் தெருவைக் கடந்து வந்து பக்கத்தில் நின்று பார்த்து, "மாஸ்டர், நீங்க இந்த ஊர்ல இருக்க வேண்டியவரே இல்ல" என்றார்.

மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்தது. அதே நேரத்தில் அவருடைய உச்சிக்கு நேர் மேலே சூரியனும் இருந்தது. வண்டியின் தகடு தோசைக்கல்லாகக் காய்ந்துகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

முதலில் மெழுகுவத்திகள் சாய்ந்தன. ரோஜாக்கள் வழிந்து சக்கரத்தில் சொட்டின. மேல் அடுக்கு நடு அடுக்கின்மேல் சரிந்தது, நடு அடுக்கு இடுப்பு ஒடிந்து உட்கார்ந்தது. கேக் இரண்டாகப் பிளந்த இடத்திலிருந்து, பளபளவென்று பாலிஷ் போட்ட தலையும் இரண்டு மீசையுமாக, கரப்பான் மெல்ல வெளியே எட்டிப்பார்த்தது.

பேக்கரி வாசலில் ஒரு கேக். கேக்குக்குள்ளிருந்து வருகிற ஒரு கரப்பான். அதற்கு மேலே, 'ஒன்றையும் விடமாட்டோம்!' இதைவிட மோசமான ஒரு விளம்பரத்தை எதிரிகூட யோசித்திருக்கமாட்டான்.

போன் அடித்தது. "பஸ்ல ஏறிட்டேங்க. அடுத்த நிறுத்தம் உங்க கடைதானே?"

"ஆமாங்க. வாங்க வாங்க" என்று மாஸ்டர் சொன்னார். போனை வைத்துவிட்டு அலறினார். "வண்டியை எடு! எங்கேயாவது கொண்டுபோய் விடு!"

மச்சினன் பாய்ந்து ஏறிச் சாவியைத் திருகினான். வண்டி ஒரு தடவை இருமியது. இன்னொரு தடவை இருமவும் அதற்குத் தெம்பில்லை. ஒரு மாதமாக நின்ற இடத்திலேயே நின்றதில் பேட்டரி இறங்கிப்போயிருந்தது.

"தள்ளுங்க!"

மாஸ்டர் தள்ளினார், மனைவி தள்ளினாள், கழுத்தில் அளவு நாடா ஆட ஆடத் தையல்காரரும் தள்ளினார். மச்சினன் உள்ளே உட்கார்ந்துகொண்டு, வீடியோவில் பார்த்தபடி, எப்படித் தள்ளவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். தெருக்கோடியில் பஸ்ஸின் ஹாரன் கேட்கவும், வண்டி தையல்கடைக்குப் பின்னாலிருந்த சந்துக்குள் போய் மறையவும் சரியாக இருந்தது. மாஸ்டர் சட்டையை மாற்றிக்கொண்டு மூச்சை அடக்கிக் கும்பிட்டபோது அந்த அம்மா படியேறிவிட்டார்.

மெலிந்த, கண்டிப்பான அம்மா. மாவு டப்பாவைத் திறந்து பார்த்தார். அடுப்புக்கு அடியில் குனிந்து பார்த்தார். தட்டைத் திருப்பி முதுகைப் பார்த்தார். ஒரு பன்னைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். மாஸ்டருக்கு அந்தக் கண் திறக்கிறவரைக்கும் உயிர் உயிராக இல்லை.

"நல்லா இருக்கு" என்றார் அந்த அம்மா. "ரொம்ப நல்லா இருக்கு. சமையலறையும் பளிச்சுனு இருக்கு."

பையிலிருந்து காகிதம் வந்தது. பேனா வந்தது. பேனாவின் மூடி கழன்றது. மனைவி மாஸ்டரின் முழங்கையை ரகசியமாகக் கிள்ளினாள்.

கையெழுத்துப் போடக் குனிந்த அந்த அம்மா நிமிர்ந்தார். வாசலுக்குப் போய்த் தெருவை இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"இங்கே ஒரு வண்டி நிக்குமே? பெருசா கரப்பான் படம் போட்டு..."

மாஸ்டருக்கு ரத்தம் உறைந்தது. ஆனால் வாய் உறையவில்லை.

"கரப்பான் வண்டியா? இங்கேயா? ஐயையோ, என்னங்க இப்படிச் சொல்லிட்டீங்க! சத்தியமா அந்த மாதிரி வண்டி ஒண்ணு இந்த வாசல்ல நின்னதே இல்லைங்க!"

"நிக்க விடுவோமாங்க?" என்றாள் மனைவி. "சாப்பாட்டுப் பொருள் விக்கிற இடம்."

"பூச்சி மருந்துக்காரனுக்கு இங்கே என்னங்க வேலை? மாமா கடைக்குள்ள ஒருத்தனும் இதுவரைக்கும் கால் வச்சதில்ல" என்றான் மச்சினன்.

"நான் நாள் முழுக்க எதிர்லதான் உட்கார்ந்திருக்கேன்" என்று தெருவுக்கு அந்தப்பக்கத்திலிருந்து தையல்காரரும் தன் பங்குக்குக் குரல் கொடுத்தார். "அப்படி ஒரு வண்டியை என் கண்ணால பார்த்ததே கிடையாது!"

அந்த அம்மா நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவை மூடினார். காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"அப்போ நான்தான் வேற ஏதோ கடையைப் பார்த்திருக்கேன் போல. தினமும் தவறாம பூச்சி மருந்து வண்டியை வரவழைச்சு, வாசல்லயே நிறுத்தி வச்சிருக்கிறாங்களே, இவ்வளவு சுத்தம் பார்க்கிற கடை ஊர்லயே இது ஒண்ணுதான்னு சொல்லித்தானே நான் உங்க பேரையே எழுதிக் கொடுத்தேன்!"